சைக்கிள் பாயின் வலது முட்டி

இமாம் தக்பீர் சொல்லி, நெற்றி தரையில் பட்ட சஜ்தாவிலிருந்து எழுந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிவாசலே எழுந்தது. அமீருதீனின் வலது முட்டி மட்டும் எழ மாட்டேன் என்றது.

பேசாமல் மறுத்திருந்தாலாவது பரவாயில்லை. ‘கடக்’ என்று ஒரு சத்தம் வேறு போட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ, நானூறு பேர் வாய் திறக்காமல் நிற்கிற நேரம். பக்கத்து ஆள் தொழுகையில் இருந்ததால் திரும்பவில்லை. ஆனாலும் அவருடைய காது இந்தப் பக்கம் திரும்பிவிட்டது போலவே அமீருதீனுக்குப் பட்டது. இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்து, ஒரு வழியாக அவர் நிமிர்ந்தபோது இமாம் அடுத்த சூராவுக்கே போய்விட்டார்.

தொழுகை முடிந்ததும் பள்ளி நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி ஷேக் தாவூத் சிரித்த முகத்தோடு வந்தார்.

“பாய், அப்படியே உக்காருங்க, எந்திரிக்காதீங்க!”

எந்திரிக்க முடியாது என்பது அமீருதீனுக்குத்தானே தெரியும். உட்கார்ந்தே இருந்தார்.

“பின்னால திரும்பிப் பாருங்க. இன்னா தெரியுது?”

“சுவரு.”

“அதான்! சுவரு தெரியுது. எத்தினி வருசமா அந்தச் சுவத்த மறைச்சிக்கினு பதினோரு சேரு கெடந்துச்சு! நீங்க பேசினீங்க பாருங்க, மூணே வாரம், ஒரு சேருக்கும் ஆளில்ல. எல்லாத்தையும் மாடி ரூம்புல அடுக்கிப் பூட்டிட்டேன். சாவி என் இடுப்புல.”

அமீருதீன் அந்தச் சாவியை ஏக்கத்தோடு பார்த்தார். அன்றைக்கு அவர் பள்ளிக்கு வந்ததே, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் ஒதுங்கி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான்.

எல்லாம் அந்தப் பேச்சால் வந்த வினை. அமீருதீனுக்கு வயது நாற்பத்தாறு. கோட்டக்குப்பத்தில் பிறந்து, பன்னிரண்டு வருஷம் துபாயில் உழைத்துவிட்டு, விழுப்புரத்தில் சென்ட்டு, தைலம், டார்ச்லைட் விற்கிற கடை போட்டு உட்கார்ந்தவர். உட்கார்ந்த இடத்திலேயே சர்க்கரை ஏறியது. நடங்கள் என்றார் டாக்டர். அமீருதீன் இருபத்தோரு கியர் வைத்த சைக்கிளே வாங்கிவிட்டார். ஆறு மாதத்தில் தொந்தி கரைந்தது, சர்க்கரை இறங்கியது, வாய் மட்டும் ஏறிப்போனது. கடைக்குத் தைலம் வாங்க வந்தவனிடம்கூட, “தைலம் எதுக்கு? சைக்கிள் மிதி” என்று சொல்லி அனுப்பினார். ஊரே அவரை சைக்கிள் பாய் என்று கூப்பிட ஆரம்பித்தது.

அந்தச் சூட்டில் பள்ளிவாசல் கமிட்டி ஒரு வெள்ளிக்கிழமை, உடல்நலம் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொன்னது. அவர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார்.

“முட்டி வலின்னு ஒண்ணு கெடையவே கெடையாது! சோம்பேறித்தனத்துக்கு வெச்ச பேரு அது. அதோ பாருங்க!” என்று பின்வரிசையை நோக்கிக் கையை நீட்டினார். நானூறு தலைகள் திரும்பின. நாற்காலியில் இருந்த பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யோசிக்கிறார்கள், நல்லது என்று நினைத்துக்கொண்டு அவர் மேலே பேசினார்.

அடுத்த வாரமே அவருடைய வலது முட்டி வலிக்க ஆரம்பித்தது. சொல்லிவைத்த மாதிரி!

முதலில் முட்டிச் சிப்பிக்கு முன்னால்தான் வலி. மாடிப்படி இறங்கும்போது உயிர் போனது. கடையில் இருந்த தைலத்தில் நாலு பாட்டில் தீர்ந்தது. மனைவி ஃபஸீஹா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“மிதிக்கிறது நீங்க, நாத்தத்துல கெடக்குறது நானா? சேர்ல உக்காந்து தொழுதா இன்னா? அல்லா கோச்சிக்கவா போறான்?”

“அல்லா கோச்சிக்க மாட்டான். ஊரு சிரிக்குமே!”

“சிரிச்சா சிரிக்கட்டும். சிரிக்கிறவனா வந்து உங்க முட்டிய நீவி உடப் போறான்?”

அவரால் முடியவில்லை. கூசிப்போய்விட்டது. நானூறு பேர் முன்னால் அந்தக் கையை நீட்டிய மனுஷன், அதே சுவர் ஓரத்தில் எந்த முகத்தோடு போய் உட்காருவான்? நினைத்த மாத்திரத்தில் காது சூடானது. தெருவில் எவனாவது “இன்னா பாய், சைக்கிள்லாம் எப்படி?” என்று கேட்டால் போதும், நொண்டல் தெரியாமல் இருக்க நின்ற இடத்திலேயே நின்று பேசி அனுப்பினார். ஒரு நாள் கடைவாசலில் அப்படி ஒரு மணி நேரம் நின்றார்.

ரகசியமாகச் சைக்கிள் கடை ஆரோக்கியராஜிடம் போனார்.

“முட்டி வலி எனக்கில்ல ராஜு. என் சிநேகிதன் ஒருத்தன். எதுனால வரும்?”

ஆரோக்கியராஜ் அவர் நிற்கிற தினுசைப் பார்த்தான். இடது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

“சிநேகிதருக்கு முன்பக்கம் வலியா, பின்பக்கம் வலியா பாய்?”

“முன்பக்கம்.”

“அப்ப சீட்டு தாழ்வா இருக்கும். ரெண்டு வெரக்கடை ஏத்தினா செரியாப் பூடும். ஜாஸ்தி ஏத்தினா பின்பக்கம் வலிக்கும், பாத்துக்கச் சொல்லுங்க.”

அமீருதீனின் சைக்கிளிலேயே ஏற்றிக் கொடுத்தான். இரண்டு விரற்கடைக்கே குணம் என்றால் நாலுக்கு எவ்வளவு குணம் என்று கணக்குப் போட்ட அமீருதீன், வீட்டுக்கு வந்து மேலும் இரண்டு விரற்கடை தானே ஏற்றிக்கொண்டார். மூன்றே நாளில் முட்டிக்குப் பின்னாலும் இழுக்க ஆரம்பித்தது. முன்னால் இருந்த வலியும் போகவில்லை.

இந்த நிலையில்தான் அவர் நாற்காலி தேடிப் போன வெள்ளிக்கிழமை வந்தது, நாற்காலி மாடிக்குப் போனது. அடுத்த வெள்ளிக்கு என்ன வழி? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். வெளியூர்ப் பள்ளியில் தொழுதால் யார் பார்க்கப் போகிறார்கள்? வளவனூர்ப் பள்ளியில் ஒரு மூலை நாற்காலி கிடைக்காமலா போகும்?

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் சைக்கிள் பாய் பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்த்தால் தெருவுக்குத் தெரு பேச்சாகிவிடும். ஆகவே, முட்டி வலியை மறைக்க, முட்டி வலியோடு, பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்துக்கொண்டு போனார்.

வளவனூரில் ஓரமாக ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். விட்ட மூச்சு முடியவில்லை, பக்கத்தில் ஒரு குரல்.

“விழுப்புரம் சைக்கிள் பாய் தானே நீங்க? உங்க கடையிலதான் எம்பொண்ணு கல்யாணத்துக்கு சென்ட்டு எடுத்தோம்!”

அமீருதீன் துள்ளி எழுந்தார். “சேரு மேல யாரோ தொப்பிய வெச்சிட்டாங்க, அத எடுக்க வந்தேன்” என்று சொல்லித் தன் தலையிலிருந்த தொப்பியையே எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு, முதல் வரிசைக்குப் போய்த் தரையிலேயே தொழுதார். முட்டி இந்த முறை இரண்டு தடவை சத்தம் போட்டது. தொழும் இடத்தில் பொய் சொன்ன வெட்கம் வேறு, வீடு வரைக்கும் கூடவே வந்தது.

சனிக்கிழமை காலையில் கால் மடங்கவில்லை. முண்டியம்பாக்கம் பக்கத்தில் தெரிந்தவர் கண்ணில் படாத ஒரு பிசியோதெரபி கிளினிக்காகப் பார்த்துப் போனார். கலைப்பிரியா என்ற பெண் அவர் காலை மடக்கி, நீட்டி, அழுத்திப் பார்த்தாள். இங்கேயும் சிநேகிதன் கதையைத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அவள் அழுத்திய இடத்தில் அவரே கத்திவிட்டார்.

“சீட்டை யாரு இவ்ளோ ஏத்தினது?”

“நான்தாம்மா.”

“எந்த கியர்ல ஓட்டுறீங்க?”

“எல்லாத்துலயும் பெரிய கியரு. சின்னது சின்னப் புள்ளைங்களுக்கும்மா.”

“முட்டிக்கு அதெல்லாம் தெரியாது சார். பளு தூக்குற மாதிரி மிதிச்சிக்கினு இருக்கீங்க. செரி, இப்ப திடீர்னு தூரத்தை ஜாஸ்தி பண்ணீங்களா?”

“ஆமாம்மா, நேத்து. வளவனூர் போயிட்டு வந்தேன்.”

“ஏன் ஜாஸ்தி பண்ணீங்க?”

அமீருதீன் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தார். “முட்டி வலிம்மா, அதான்” என்றார்.

கலைப்பிரியா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி எடுத்துக்கொண்டாள்.

“ரெண்டு வாரம் சைக்கிளைத் தொடாதீங்க. தொடைக்கு எக்சர்சைஸ் சொல்லித் தர்றேன். தொழுறப்ப சேர்ல உக்காந்துக்கங்க.”

“சேரத் தவிர வேற எதுனா மருந்து இருக்காம்மா?”

இல்லை என்றாள்.

அடுத்த வெள்ளிக்கு விக்கிரவாண்டி, அதுவும் சைக்கிளில்தான். அங்கே தனக்கு வாடிக்கைக்காரர்களே கிடையாது என்று தீர விசாரித்துக்கொண்டுதான் போனார். தூண் மறைவில் ஒரு நாற்காலியும் பிடித்துவிட்டார். ஆனால் அவருடைய பேச்சு அவருக்கு முன்னாலேயே விக்கிரவாண்டி போய்ச் சேர்ந்திருந்தது. யாரோ எடுத்த வீடியோ வாட்ஸப்பில் மாவட்டம் பூராவும் சுற்றிக்கொண்டிருந்ததாம். கமிட்டி ஆள் ஒருவர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

“சைக்கிள் பாய்! நீங்களா? சேர்ல இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்கீங்க?”

“சும்மா… உறுதியா இருக்கான்னு பாத்தேன்.”

“ஒடைச்சே போடுங்க பாய், எங்களுக்கும் அதுதான் வேணும்! தொழுதுட்டு நீங்க பத்து நிமிசம் பேசணும். அந்த வீடியோவுல பேசின அதே பேச்சு.”

தரையில் தொழுது, தூணைப் பிடித்து எழுந்து, மைக்கைப் பிடித்தார். “முடியாதவங்க சேர்ல உக்காந்துக்கலாம், தப்பில்ல” என்றுதான் ஆரம்பித்தார். கமிட்டி ஆள் குறுக்கே புகுந்து, “பாய் தன்மையா சொல்றாரு, அவரே உக்காராதப்ப நமக்கு இன்னா கேடுன்னு கேக்குறாரு” என்று விளக்கவுரை போட்டார். கூட்டம் தலையாட்டியது. பின்னால் நாலு நாற்காலிகள். அதில் ஒரு வயசாளி தன் முட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அமீருதீன் அதைப் பார்த்தார். எனக்கும் வலிக்குது பெரியவரே என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. மானம் பெரிசாகப் போய்விட்டது. “சைக்கிள் மிதிங்க” என்று சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை.

“இன்னாங்க ஆச்சு?”

“நான் ஒரு ஈனப்பய ஃபஸீஹா.”

“அது கெடக்கட்டும், கால நீட்டுங்க” என்று அவள் தைலத்தை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை முத்தவல்லி போன் போட்டார்.

“பாய், ரெண்டு வாரமா பள்ளியில ஆளையே காணோம்? போற எடமெல்லாம் பேசுறீங்களாமே, மாஷா அல்லாஹ்! இந்த வெள்ளி எங்கியும் போயிடாதீங்க. உங்களுக்குச் சால்வை. முன்வரிசையில நீங்க தொழுறதப் பசங்க போட்டோ எடுக்கப் போறாங்க.”

போட்டோ! தரையிலிருந்து எழும்போது தன் முகம் என்ன கோலத்தில் இருக்கும் என்பது அமீருதீனுக்குத் தெரியும். வாயில் வந்ததைச் சொன்னார்.

“அன்னிக்கு… திண்டிவனத்துல ஒரு பார்ட்டியப் பாக்கணுமே.”

“திண்டிவனமா! சைக்கிள்லயா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்து. அதற்குக்கூட நாக்கு எழவில்லை.

“சைக்கிள்லதான்.”

முத்தவல்லி சால்வையை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, அந்த நிமிஷமே ஜமாஅத் வாட்ஸப்பில் செய்தி போட்டார். ‘நமது அருமைச் சகோதரர் வெள்ளிக்கிழமை திண்டிவனம் வரை சைக்கிள் பயணம். துஆ செய்யுங்கள்.’ வெள்ளிக்கிழமை காலை கடைத்தெருவில் பத்துப் பேர் நின்று கையசைத்து வழியனுப்பினார்கள். பேஜாரு புடிச்ச கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே அமீருதீனும் சிரித்துக் கையசைத்தார்.

கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். கலைப்பிரியா கேட்ட கேள்விகள் அப்போதுதான் உறைத்து, சீட்டை இறக்கி, சின்ன கியரில் போட்டு உருட்டினார். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் நாலு இடத்தில் நின்றார். மல்லாட்டை மூட்டை கட்டிய பழைய சைக்கிளில் ஒரு பெரியவர் அவரைத் தாண்டிப் போனார். போனவர் திரும்பிப் பார்த்து, “இன்னா பாய், வண்டியில காத்து இல்லியா?” என்று கேட்டார்.

“வண்டியில இருக்குதுங்க. எனக்குத்தான் இல்ல.”

பெரியவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு பதிலைச் சொன்னதில் அமீருதீனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. யார் என்று தெரியாத ஆளிடம் உண்மையைச் சொல்வது இவ்வளவு சுலபமா! திண்டிவனத்தில் போய் முதல் வேலையாக நேராக, கூசாமல், நாற்காலி கேட்டுவிடுவது என்று வழியிலேயே முடிவு கட்டினார்.

திண்டிவனத்தில் பெரிய பள்ளிகளை விட்டுவிட்டு, ஊர் ஓரத்தில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சைக்கிளை மூன்று தெரு தள்ளி ஒரு டீக்கடையில் விட்டார். ஹெல்மெட், கையுறை எல்லாம் பைக்குள் போயின. நொண்டிக்கொண்டே போய், முகம் கை கால் கழுவி ஒளுச் செய்தார். இங்கே நொண்டலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக மனம் விட்டு நொண்டினார்.

பள்ளியில் பாங்கு சொல்கிற மோதினார் முகம்மது ஆசிப் வாசலிலேயே எதிர்ப்பட்டார். சாதுவான மனுஷன். அமீருதீன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“பாய், எனக்கு முட்டி வலி. தரையில உக்கார முடியாது. ஒரு சேரு கெடைக்குமா?”

சொல்லிவிட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

“அட, இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தயங்குறீங்க? வாங்க வாங்க.”

மோதினார் அவர் கையைப் பிடித்துப் பக்கத்து ஹாலுக்கு அழைத்துப் போனார். சுவர் ஓரமாக நாற்காலிகள் வரிசையாகத் துடைத்துப் போட்டிருந்தன. மேலே ஃபேன், ஓரத்தில் ஒரு குடம் தண்ணீர். ஒரு நாற்காலியில்கூட ஆளில்லை. அமீருதீன் கடைசி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். முட்டி சத்தமே போடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த ஒரு சுகத்துக்கா இத்தனை பாடு பட்டோம் என்று நினைத்தார்.

“எந்த ஊரு பாய்?”

இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை. “விழுப்புரம்.”

மோதினார் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்களும் விழுப்புரமா! அப்ப பன்னெண்டு பேரு ஆச்சு. இன்னொரு சேரு கொண்டாந்து போடணும்.”

“இன்னா பன்னெண்டு பேரு?”

“உங்க ஊருலேர்ந்து பதினோரு பேரு, எல்லாம் வயசானவங்க, வாராவாரம் வேன் புடிச்சிக்கினு இங்கதான் பாய் ஜும்ஆவுக்கு வர்றாங்க. பாவம், ஒன்னரை மாசமா. இந்தச் சேரெல்லாம் அவங்களுக்காகப் போட்டதுதான்.”

வாசலில் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பழகிய இருமல் ஒன்று கேட்டது. “மெதுவா எறங்குங்க, மெதுவா” என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். கைத்தடிகள் ஒவ்வொன்றாகப் படியில் தட்டின. அமீருதீன் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். முட்டி எழவில்லை.

மோதினார் அவர் தோளை அன்பாக அழுத்தி உட்கார வைத்தார்.

“உக்காருங்க பாய், எங்க பள்ளியில இன்னா கூச்சம்? உங்க ஊர்ல யாரோ சைக்கிள் மிதிக்கிற ஆளு ஒருத்தரு, சேர்ல உக்காந்தா நாலு பேரு முன்னால மானத்த வாங்கிடுவாராமே, நீங்களும் அந்தாளுக்குப் பயந்துதானே இம்மாந்தூரம் வந்தீங்க?”